ஹீட்டர் பிளக் ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது?

குளிரில் டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றித் தருவதுதான் ஹீட்டர் பிளக் (குளோ பிளக்). புதுசு போட்டு ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "கழட்டுன பிளக் எங்கே? எது எந்த சிலிண்டர்ல இருந்துச்சு?" பெரும்பாலும் பதில் வராது. குப்பையில் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் நாலையும் ஒரே கவரில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு மனசு கேட்காது. பிளக் எதனால் செத்தது என்பதற்கான சாட்சி அந்தச் செத்த பிளக்தான். அதைத் தொலைத்துவிட்டுப் புதுசு வாங்கிப் போட்டால், புதுசும் அதே வழியில்தான் போகும்.

நான் ஊட்டியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன். காய்கறி ஏற்றும் பிக்கப், எஸ்டேட் ஜீப், ஸ்கூல் வேன் என்று கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் பழைய டீசல் வண்டிகள். கார்த்திகை பிறந்தால் ஹீட்டர் புகார் ஆரம்பித்துவிடும், மாசி வரைக்கும் ஓயாது. அண்மையில் வந்த ஒரு கேரட் பிக்கப்பை வைத்து இதை எழுதுகிறேன். அந்த ஒரே வண்டியில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் சேர்ந்து பிளக்கைத் தின்றுகொண்டிருந்தன. அதனால் எழுதி வைப்பது நாலு பேருக்கு உதவும்.

முதலில் ஒரு கணக்கு. நாலு சிலிண்டர் எஞ்சினில் நாலு பிளக்கின் தலையும் ஒரே உலோகப் பட்டியில் மாட்டியிருக்கும். ஒரே ரிலேயிலிருந்து (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) வரும் கரண்ட் நாலுக்கும் போகும். எனவே வோல்டேஜ் கூடினாலோ, கரண்ட் நிற்காமல் ஓடினாலோ அடி நாலுக்கும் சேர்ந்து விழும். நாலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் போகும். நாசிலும் (டீசலைப் பீய்ச்சும் முனை) கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அப்படியில்லை, அவை சிலிண்டருக்கு சிலிண்டர் தனி. ஆகவே எல்லா பிளக்கும் சேர்ந்து செத்தால் பெரும்பாலும் ஒயரிங் பக்கம் போங்கள். ஒரே சிலிண்டரின் பிளக் மட்டும் மறுபடி மறுபடி செத்தால் அந்த சிலிண்டருக்குள் பாருங்கள். எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

வந்த வண்டி பழைய மஹிந்திரா. பியூஜோவின் எக்ஸ்.டி.3பி எஞ்சின், நாலு சிலிண்டர், 2498 சிசி. நீலகிரியில் இந்த எஞ்சினைத் தெரியாத மெக்கானிக் இருக்க முடியாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தலைமுறை தாண்டி ஓடும், எனக்கு ரொம்பப் பிடித்த எஞ்சின். ஆனால் காலைக் குளிரில் இதற்கு ஹீட்டர் கட்டாயம் வேண்டும். காரணம், டீசலை இது நேரே பிஸ்டன் தலையில் பீய்ச்சுவதில்லை. சிலிண்டருக்கு மேலே மூடியாக இருக்கும் ஹெட்டுக்குள் ஒரு சின்ன உருண்டை அறை, அதாவது சுழல் அறை, இருக்கிறது. காற்று அதற்குள் சுழன்றுகொண்டு போகும், நாசில் அங்கேதான் அடிக்கும், தீ அங்கேதான் பற்றும். இங்கிலாந்து எஞ்சினியர் ஹாரி ரிக்கார்டோ 1930களில் கொண்டுவந்த அமைப்பு இது. இரைச்சல் குறைவு, எஞ்சின் மென்மையாக ஓடும். அதற்குக் கொடுக்கிற விலை குளிரில் தெரியும். சின்ன அறை, சுற்றிலும் பனியில் ஊறிய இரும்பு. அழுத்தத்தில் காற்றுக்கு வந்த சூட்டை அந்த இரும்பு உறிஞ்சிவிடும், டீசல் பற்றாது, வெள்ளைப் புகைதான் வரும். டீசலை நேரே சிலிண்டருக்குள் அடிக்கும் பெரிய லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு நம்மூரில் ஹீட்டர் பிளக்கே கிடையாது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு. மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியும்போது புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் கேரட் வண்டி கிளம்பியாக வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டி நமக்காகக் காத்திருக்காது.

பிளக்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அது எப்படிச் சாகிறது என்பதும் புரியும். கடையில் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் வேலையாக ஒரு செத்த பிளக்கை வைஸில் பிடித்து ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுக்கச் சொல்வேன். வெளியே தெரிவது அடி மூடிய மெல்லிய உலோகக் குழாய். உள்ளே நுனியில் சூடாகிற கம்பிச்சுருள். அதற்கு மேலே இன்னொரு சுருள். இரண்டையும் சுற்றி வெள்ளைத் தூள் கெட்டியாக அடைத்திருக்கும். அது மெக்னீசியம் ஆக்சைடு. சூட்டைக் கடத்தும், கரண்ட்டைக் கடத்தாது. வீட்டில் பக்கெட்டுக்குள் போட்டுத் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடை அறுத்துப் பார்த்தாலும் இதே ஏற்பாடுதான் இருக்கும்.

மேலே இருக்கிற அந்த இரண்டாவது சுருள்தான் பிளக்கின் காவல். சூடேற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், கரண்ட் தானாகக் குறையும். 12 வோல்ட் பிளக் ஒன்று முதல் நொடியில் 15, 20 ஆம்பியர் இழுக்கும். சில நொடிகளில் 10 ஆம்பியர் பக்கம் இறங்கிவிடும். அதற்குள் நுனி 850 டிகிரியைத் தாண்டிச் சிவந்திருக்கும். காவல் இருக்கிறது என்பதற்காக எவ்வளவு நேரமும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டார்ட் செய்வதற்கும், ஸ்டார்ட் ஆன பின் புகை அடங்கும் வரை இரண்டு மூன்று நிமிஷத்துக்கும்தான் அதைச் செய்திருக்கிறார்கள். விலை மலிவான சில பிளக்குகளில் இந்தக் காவல் சுருளே இருக்காது. அறுத்துப் பார்த்தால் மேலிருந்து கீழ் வரை ஒரே சுருள்தான். பட்டனைக் கொஞ்சம் கூடுதலாக அமுக்கினாலும் அது போய்விடும்.

இனி அந்த வண்டி. கேத்தி பாலாடா பக்கம் தோட்டங்களிலிருந்து கேரட் எடுத்து, கழுவி மூட்டை கட்டி, குன்னூர், பர்லியாறு, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் இறக்குகிற தம்பி ஓட்டுகிறான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவன் பட்ட எரிச்சல் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணா, பிளக் கம்பெனியவே மாத்திப் பாத்துட்டேன். எதப் போட்டாலும் நிக்க மாட்டேங்குது. காலையில நாலு பேரு தள்ளித்தான் எடுக்கிறோம்."

"கழட்டுனதெல்லாம்?"

"கடைசியாக் கழட்டுன நாலும் சீட்டுக்கு அடியில கெடக்கும்ணா. இப்ப உள்ள இருக்கிறதும் போயிருச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

அவன் போயிருச்சு என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் முதலில் சோதித்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பிளக்குகளைச் சேர்க்கும் பட்டியைக் கழற்றிவிட வேண்டும். பட்டியோடு வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல பிளக் மூன்று செத்த பிளக்கை மறைத்துவிடும். பிறகு டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைத்தால் போதும். லேம்ப் எரிந்தால் உள்ளே சுருள் இருக்கிறது, எரியாவிட்டால் அறுந்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும், சிலது அதற்கும் கீழே. மீட்டர் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸையே சிலர் பிளக்கின் ரெசிஸ்டன்ஸ் என்று படித்துவிடுகிறார்கள். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். லேம்ப் எரிந்துவிட்டால் பிளக் முழு நலம் என்று முடிவு கட்டவும் கூடாது. சுருள் அறுகாமலேயே நுனி கரைந்த பிளக்கை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் கழற்றிப் பார்ப்பதே வழி.

இந்த வண்டியில் நாலிலும் லேம்ப் எரியவில்லை.

எஞ்சினை ஓட விட்டு நன்றாகச் சூடாக்கி, ஒவ்வொரு பிளக்கின் மரையிலும் துரு இளக்கும் ஆயில் விட்டு ஊற வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தேன். இதில் அவசரம் கூடாது. செத்த பிளக் என்றால் உள்ளே அது எந்த உருவத்தில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. நுனி உப்பியிருந்தால் மரை கழன்ற பிறகும் துளையை விட்டு வராது. இறுகினால் கொஞ்சம் முறுக்கு, கொஞ்சம் பின்னால் விடு, மறுபடி ஆயில் விடு என்று ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். வேகத்தில் முறுக்கி நுனி ஒடிந்து உள்ளே விழுந்தால் ஹெட்டை இறக்குகிற வேலை வந்துவிடும். விழுந்த துண்டோடு செல்ஃப் அடித்தால் பிஸ்டனும் போகும்.

கழற்றிய நாலையும் ஒரு அட்டையில் துளை போட்டு, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதிச் செருகினேன். ஒன்று, இரண்டு, நாலு மூன்றும் ஒரே மாதிரி. குழாயின் நடுவில் உப்பி, ஒரு பக்கம் மடிப்பு விழுந்து, உப்பின இடத்தில் நிறம் நீலமும் கறுப்புமாக மாறியிருந்தது. ஒன்றில் குழாய் வெடித்து வெள்ளைத் தூள் எட்டிப் பார்த்தது. மூன்றாம் நம்பர் மட்டும் வேறு. அதில் உப்பல் குறைவு. ஆனால் நுனி ஒரு பக்கமாகச் சாய்வாகக் கரைந்து, உருகி வழிந்து திரண்ட அடையாளத்தோடு இருந்தது. பிறகு சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய நாலையும் எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் மூன்று உப்பினவை, ஒன்று கரைந்தது.

உப்பலும் மடிப்பும் இருந்தால் உள்ளேயிருந்து வந்த சூடு, அதாவது வோல்டேஜ் கூடியிருக்கிறது அல்லது கரண்ட் நேரம் காலம் இல்லாமல் ஓடியிருக்கிறது. நுனி கரைந்திருந்தால் வெளியேயிருந்து பட்ட தீ. நாசில் ஒழுகும், அல்லது பம்ப் டைமிங், அதாவது டீசல் அடிக்கும் நேரம், முன்னால் போயிருக்கும். தலைப்பக்கம் நட்டு போல்ட்டோடு முறிந்திருந்தால் மாட்டினவர் கை பலம். கடையில் இந்த மூன்று வகையிலும் ஒவ்வொரு மாதிரியை வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்துக் காட்ட வசதியாக இருக்கும்.

முதலில் கரண்ட் பக்கம். எஞ்சின் ஓட, பேட்டரியில் மீட்டர் வைத்து ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்கினேன். 14.1 வோல்ட்டுக்கு மேல் போகவில்லை. லைட் போட்டாலும் அணைத்தாலும் அப்படியே நின்றது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரும் அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் நலம். 15ஐத் தாண்டியிருந்தால் தேடல் அங்கேயே முடிந்திருக்கும். பேட்டரி கிளாம்ப்பையும் ஆட்டிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. ஓடுகிற வண்டியில் கிளாம்ப் லூசாகி விட்டு விட்டுப் பிடித்தால், அந்தக் கணத்தில் ஆல்டர்நேட்டர் வோல்டேஜ் எகிறும். ஹீட்டர் மட்டுமில்லை, பல்பு, ரிலே எல்லாவற்றையும் அது அடிக்கும்.

பிறகு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். மண்டியில் சரக்கு இறக்கிவிட்டு வந்து பார்த்தால் சில நாள் பேட்டரி இறங்கிக் கிடக்குமாம். பேட்டரி பழசு என்று சொல்லிப் புதுசும் மாற்றியிருக்கிறான். அதற்குப் பிறகும் ஒரு தடவை இறங்கியிருக்கிறது. எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஓடாமல் நிற்கிற வண்டியில் கொஞ்ச நேரத்துக்குள் புது பேட்டரியைக் குடிக்கிற அளவுக்கு கரண்ட் இழுக்கும் சாமான்கள் ரொம்பக் கிடையாது. நாலு ஹீட்டர் பிளக் சேர்ந்தால் 40 ஆம்பியர். இரண்டு மணி நேரம் போதும்.

"லாரிக்காரங்க யாராச்சும் ஜம்பர் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. லாரியில் இரண்டு பேட்டரி, 24 வோல்ட். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து 12 வோல்ட் பிக்கப்புக்குக் கொடுத்துவிட்டால், ஹீட்டர் ஆனில் இருக்கிற பிளக் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நல்லவேளை, அவர்கள் ஒரு பேட்டரியிலிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

டாஷ்போர்டில் ஹீட்டருக்கு ஓர் அமுக்கு பட்டனும் பக்கத்தில் ஒரு சிவப்பு லேம்ப்பும் இருந்தன. டைமரை எப்போதோ யாரோ கழற்றிவிட்டு இப்படி மாற்றியிருக்கிறார்கள். பட்டனை அமுக்கினால் லேம்ப் எரிகிறது, விட்டால் அணைகிறது. பார்க்க எல்லாம் சரிதான். ஒயரைப் பின்தொடர்ந்து போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அந்த லேம்ப்பின் ஒயர் ரிலேக்கு முன்னால், பட்டனிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது. அதாவது பட்டன் அமுங்கியிருக்கிறதா என்பதை மட்டும்தான் அந்த லேம்ப் காட்டும். பிளக்குக்குக் கரண்ட் போகிறதா, நின்றதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

பட்டியைப் பிளக்கிலிருந்து பிரித்தே வைத்து, அதில் டெஸ்ட் லேம்ப்பை மாட்டி பட்டனை அமுக்கி விட்டேன். லேம்ப் எரிந்து அணைந்தது. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் சரியாக அணைந்தது. ஆனால் லோடு இல்லாமல் ரிலேயைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. நாலு பிளக் இழுக்கிற கரண்ட் அதன் வழியாகப் போனால்தான் அதன் குணம் தெரியும். வேறு வண்டிக்கு வைத்திருந்த நாலு நல்ல பிளக்கை எடுத்து, ஒரு இரும்புப் பட்டையில் பிடித்து எர்த் கொடுத்து, வெளியே வைத்தே அந்த ஒயரில் மாட்டினேன். ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 70 ஆம்பியரைத் தாண்டி ஏறி, 40க்கு இறங்கியது. பட்டனை விட்டேன், அணைந்தது. ஆற விட்டு மறுபடி அமுக்கினேன், மறுபடி விட்டேன். ஒரு கட்டத்தில் பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் நாலு நுனியும் சிவப்பாகவே நின்றன. டாஷ்போர்டு லேம்ப் அணைந்திருந்தது. தம்பி என் முகத்தையும் அந்த நுனிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

ரிலேயை விரல் நகத்தால் தட்டினேன். க்ளிக் என்றது, நுனிகள் கறுத்தன.

மூடியைப் பிரித்துப் பார்த்தால், ஹெட்லைட்டுக்குப் போடுகிற 30 ஆம்பியர் ரிலே. காண்டாக்ட் இரண்டும் குழி விழுந்து, ஓரத்தில் உருகிய உலோகம் முள்ளாக நின்றது. முதல் நொடியில் 70 ஆம்பியர் பாயும் இடத்தில் அதைப் போட்டால், சேரும்போதெல்லாம் காண்டாக்ட் கொஞ்சம் உருகி ஒட்டும். ஸ்பிரிங் பிரித்துவிட்டால் சரி, பிரிக்காத அன்றைக்கு பிளக் எரிந்துகொண்டே இருக்கும். காட் ரோட்டில் 14 வோல்ட்டில், எஞ்சினுக்குள் உள்ள தீயின் சூட்டையும் தாங்கிக்கொண்டு, மேட்டுப்பாளையம் வரைக்கும். வழியில் ஏதோ ஒரு குழியில் வண்டி குதித்தால் ரிலே விட்டுவிடும், அன்றைக்குப் பிளக் பிழைத்தது. விடாவிட்டால் மண்டியில் பேட்டரி இறங்கிவிடும், இல்லையென்றால் பிளக் உப்பி அறுந்துவிடும். அப்படியொரு நாள் பிளக் போகும், ஒரு நாள் போகாது. அதனால்தான் இதற்கு முன்னால் பார்த்த யார் கையிலும் இது அகப்படவில்லை.

மாற்றியது இவ்வளவுதான். ஹீட்டருக்கென்றே வருகிற 70 ஆம்பியருக்கு மேல் தாங்கும் ரிலே, பேட்டரியிலிருந்து அதற்குத் தடித்த ஒயர், நடுவில் பட்டை ஃப்யூஸ், தானாக வெட்டுகிற டைமர். லேம்ப் ஒயரை ரிலேக்குப் பின்னால், பிளக் பட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். இனி பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை லேம்ப் எரியும். பட்டன் ஹீட்டர் வைத்திருக்கிற எல்லாரும் தங்கள் வண்டியில் இந்த ஒன்றை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். ஒரு ஒயரை இடம் மாற்றுகிற வேலை, கால் மணி நேரம்கூட ஆகாது.

அடுத்தது மூன்றாம் சிலிண்டர். பிளக் துளை வழியாகவே டீசல் கேஜ் வைத்து கம்ப்ரஷன் பார்த்தேன். நாலும் கிட்டத்தட்ட சமம், கவலையில்லை. நாலு நாசிலையும் கழற்றி பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். ஒன்று, இரண்டு, நாலு மூன்றும் நெம்புகோலை அழுத்தும்போது கிர்ர் என்று அதிர்ந்து புகையாகப் பீய்ச்சின, அடித்து முடிந்ததும் நுனி உலர்ந்து இருந்தது. மூன்றாவதில் அந்த அதிர்வுச் சத்தமே இல்லை. கம்பியாக ஒரு பக்கம் சாய்ந்து பீய்ச்சியது, முடிந்த பிறகும் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. எஞ்சினுக்குள் அந்தச் சொட்டும் அந்தச் சாய்ந்த பீய்ச்சலும் பிளக் நுனியின் மேலேயே விழுந்து எரிந்திருக்கின்றன. எவ்வளவு உயர்ந்த பிளக் வாங்கினாலும் அந்தத் தீயில் கரையத்தான் செய்யும். நாசில் முனை மாற்றி, அழுத்தம் சரிபார்த்து, அடியில் வைக்கும் வாஷர் எல்லாம் புதிதாகப் போட்டோம். பழைய வாஷரையே திருப்பிப் போட்டால் அங்கே தீ கசிந்து புது நாசிலும் கெடும்.

டைமிங் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்றத்தில் இழுவை வேண்டும் என்று பம்ப்பைக் கொஞ்சம் முன்னால் திருப்பி வைக்கிற பழக்கம் மலையில் உண்டு. எஞ்சின் டக் டக் என்று கடுமையாகத் தட்டும், இழுவை வந்த மாதிரி தோன்றும். அந்தத் தீயும் பிளக் நுனியைக் கரைக்கும், நாலையும் சேர்த்துக் கரைக்கும். நாலிலும் உப்பல் இல்லாமல் நுனி மட்டும் கரைந்திருந்தால் முதலில் டைமிங்தான் பாருங்கள்.

தம்பியிடம் நான் கடுமையாகப் பேசியது ஒரே ஒரு விஷயத்துக்கு. பிளக் செத்துக் கிடந்த நாட்களில், பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் காட்டி ஸ்டார்ட் செய்திருக்கிறான். இங்கே பலரும் செய்வதுதான், ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே வாங்கி அடிக்கிறவர்களும் உண்டு. ஹீட்டர் சிவந்திருக்கும்போது அந்த ஆவி உள்ளே போனால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். பிளக் நுனி ஒடியும், சுழல் அறை விரியும், கை வைத்திருப்பவர் முகம் வேகும். ஹீட்டர் உள்ள வண்டியில் பெட்ரோல் துணி வேண்டவே வேண்டாம். தள்ளி எடுங்கள், இல்லையென்றால் வெயில் வரட்டும்.

புது பிளக் வாங்கும்போது நீளமும் மரையும் ஒன்றாக இருக்கிறதே என்று எடுத்துவிடாமல், உடம்பில் பொறித்திருக்கிற வோல்டேஜைப் படியுங்கள். இந்த மாதிரிப் பழைய எஞ்சினுக்கு 11 அல்லது 12 என்று இருக்கும். இப்போது வருகிற, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் அடிக்கும் காமன் ரெயில் வண்டிகளின் பிளக் 4.4, 5, 7 வோல்ட் என்றெல்லாம் வருகிறது. அதற்குக் கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுக்கத் தனி கன்ட்ரோல் யூனிட் உண்டு. அதைப் பழைய வண்டியில் மாட்டினாலும், சும்மா பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று சோதித்தாலும் நிமிஷத்தில் போய்விடும். புது வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சாரின் ஒயர் அறுந்தால் சில வண்டிகளில் யூனிட் அதைக் கடும் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். நடுப்பகலில் சூடான எஞ்சினுக்குக்கூட முழு நேரம் ஹீட்டர் போடும். பிளக் அடிக்கடி போனால் அந்த சாக்கெட்டையும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்.

மாட்டுவதற்கு முன் பிளக் துளையில் உள்ள கார்பனை எடுக்க வேண்டும். அதற்கென்று ரீமர் கிடைக்கிறது. அதன் பல்லில் கிரீஸ் தடவிச் சுற்றினால் கார்பன் உள்ளே விழாமல் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு மாட்டுவதற்கு முன் செல்ஃப் ஒரு சுற்று அடித்தால் மிச்சமும் துளை வழியாகப் பறந்துவிடும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் அடைத்த துளையில் பிளக்கைத் திணித்தால் நுனி பக்கத்துச் சுவரில் இடித்து நிற்கும், சூடும் அங்கே போய்விடும். மரையைக் கையாலேயே கடைசி வரை ஏற்றிவிட்டு, டார்க் ரெஞ்சில் எம்10 மரைக்கு 15 முதல் 18 நியூட்டன் மீட்டர், எம்12 என்றால் 22 முதல் 25. அவ்வளவுதான். தலை நட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இதை ஸ்பேனரில் தொங்கி இறுக்கினால் உள்ளே தூள் விரிசல் விட்டு, பிளக் மாட்டும்போதே பாதி செத்துவிடும்.

நாலும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர் பிளக்காகப் போட்டோம். கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ஒயரிலும் வைத்து நாலும் சமமாக இழுக்கின்றனவா என்று பார்த்தேன். விடிகாலைக் குளிரில் பார்க்க வேண்டும் என்பதால் அன்றிரவு வண்டியைக் கடை வாசலிலேயே விட்டுப் போகச் சொன்னேன். காலையில் பானெட்டின் மேல் பனி படிந்திருந்தது. டைமர் வெட்டி லேம்ப் அணைந்ததும் சாவியைத் திருப்பினான், முதல் சுற்றிலேயே பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கியது.

வண்டியை எடுக்கும்முன் ரிலே இருக்கும் இடத்தைத் தம்பிக்குக் காட்டி, அதிலிருந்து பட்டிக்குப் போகும் தடித்த ஒயரின் நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கையில் கொடுத்து அனுப்பினேன். ஓடும்போது சிவப்பு லேம்ப் எரிந்தே கிடந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். முதலில் பேட்டரியின் எர்த் கிளாம்ப்பைக் கழற்றி, பிறகு அந்த ஒயரை எடுத்து முனையில் டேப் சுற்றிக் கட்டிவிட்டு, எர்த்தைத் திருப்பி மாட்டிக் கிளம்பலாம். சூடான எஞ்சினுக்கு ஹீட்டர் தேவையில்லை, மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி வரும் வரைக்கும் வண்டி அப்படியே ஓடும்.